பச்சை குத்தினால் வேலை கிடைக்குமா?

மனத்திற்குள் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஓர் இளைஞனின் புகைப்படம் உங்கள் முன் இருக்கிறது. துணிக்கடையில் விற்பனையாளர் வேலைக்கு அவன் விண்ணப்பித்திருக்கிறான். முகத்தை மட்டும் பார்த்து, பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்? ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து இன்னொரு படம். அதே முகம், அதே புன்னகை, அதே சட்டை. ஆனால் கழுத்தின் பக்கவாட்டில் பச்சை குத்தியிருக்கிறது. இப்போது எத்தனை?

"இரண்டும் ஒன்றுதான்" என்று பலர் சொல்லக்கூடும். இந்தப் பதிலை அப்படியே நம்பிவிட முடியாது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டியதுமே, சோதிப்பவர் எதைத் தேடுகிறார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. உடனே நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறோம்! மனிதர்களைச் சோதிப்பதில் உள்ள தொல்லையே இதுதான். அமிலத்தில் முக்கிய லிட்மஸ் தாள் நம்மை மகிழ்விப்பதற்காக நிறம் மாறுவதில்லை, மனிதன் மாறுவான்.

ஆண்ட்ரூ டிமிங் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இத்தகைய சோதனை ஒன்றை நடத்தி 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முகங்களின் படங்களில் கணினியின் உதவியால் பச்சை குத்தலையும் உலோக வளையங்களையும் சேர்த்து, வேலைக்கு எடுப்பீர்களா என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே முகத்தையே இரு விதமாகக் காட்டுவதால் அழகு, வயது, நிறம் ஆகியவற்றின் வேறுபாடு நீங்கிவிடுகிறது. மிஞ்சுவது பச்சை ஒன்றுதான். ஆய்வகத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே முறை. பச்சை குத்திய முகங்களுக்குக் குறைந்த மதிப்பே கிடைத்தது. வாடிக்கையாளருக்கு எதிரே நிற்கும் வேலையானால் இன்னும் குறைந்தது; உள்ளறையில் செய்யும் வேலையானால் அவ்வளவு குறையவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? டிமிங் 2015-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் மேலாளர்கள், வெளியே தெரியும்படி பச்சை குத்திக்கொண்டவர்கள் என இரு தரப்பிலுமாக 25 நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்டது அது. மேலாளர்களின் தயக்கம் பெரும்பாலும் அவர்களுடைய சொந்த வெறுப்பினால் எழுந்ததன்று; வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்களோ என்ற ஊகத்தினால் எழுந்தது. அந்த வாடிக்கையாளர் அங்கே இல்லை. அவரை எவரும் கேட்கவும் இல்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று நம் வீட்டில் சொல்லும்போது அந்த நாலு பேர் யார் என்று நாம் கேட்பதில்லையே, அதைப் போல!

இத்தனை பேச்சுக்கும் காரணமான அந்தக் கறை உண்மையில் என்ன என்று பார்ப்போம். நமது தோலின் மேலடுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. கையில் பட்ட பேனா மை போய்விடுவது இதனால்தான். பச்சை குத்தும் ஊசி இந்த அடுக்கைத் தாண்டி, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் கீழ்த்தோலில் மையை இறக்குகிறது. உடலின் காவலர்களான விழுங்கு செல்கள் உடனே ஓடிவந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். கரித்துகளைச் செரிக்க முடியவில்லை. விழுங்கியதைச் சுமந்துகொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன.

அந்தச் செல்களுக்கும் ஆயுள் முடியுமே, பிறகு? பிரான்சில் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளின் வால் தோலில் பச்சை குத்தி இதைச் சோதித்தார்கள். மையைச் சுமந்த செல்களை மட்டும் கொன்று பார்த்தார்கள். பச்சை மறையவில்லை! செத்த செல் கக்கிய மையைப் புதிதாக வந்த செல் விழுங்கிக்கொண்டது. ஆக, பச்சை குத்தல் என்பது தோலில் ஒட்டிய வண்ணம் அன்று. தலைமுறை தலைமுறையாகக் கை மாறும் சுமை. பதினெட்டு வயதில் குத்திய பெயர் எண்பது வயதிலும் இருப்பதன் இரகசியம் இதுவே.

இங்கே ஒரு வேடிக்கை. நம் பாட்டிமார்களின் கைகளில் உள்ள கோலத்தையும் தேளையும் குத்தியவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராக வந்த குறப் பெண்கள். மஞ்சளையும் அகத்தி இலையையும் துணித்திரியில் சுற்றி எரித்து எடுத்த புகைக்கரியே அவர்களுடைய மை. கரி கறுப்பு, ஆனால் நாம் அதைப் 'பச்சை' என்கிறோம்! தோலினுள் செல்லும் சிவப்பு ஒளி ஆழமாகப் போய்க் கரியில் மறைந்துவிடுகிறது. குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியோ அவ்வளவு ஆழம் போகுமுன்பே சிதறி, நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அதனால்தான் தோலுக்கு அடியிலுள்ள கறுப்பு, நீலமும் பச்சையும் கலந்ததாகத் தோன்றுகிறது. கை நரம்புகள் நீலமாகத் தெரிவதற்கும் இது ஒரு காரணம்.

மையின் தன்மை உலகெங்கும் ஒன்றுதான். அதைப் படிக்கும் கண்கள்தாம் வேறு வேறு. ஜப்பானில் 18-ஆம் நூற்றாண்டில் திருடர்களின் கையிலும் நெற்றியிலும் பச்சை குத்தித் தண்டித்தார்கள். அதே காலத்தில் தொழிலாளர்களும் தீயணைப்பவர்களும் உடல் முழுவதும் அழகிய ஓவியங்களைக் குத்திக்கொண்டார்கள். 1872-இல் அரசு பச்சை குத்தலையே தடை செய்தது; 1948-இல்தான் தடை நீங்கியது. பின்னர் குற்றக் கும்பல்களின் அடையாளமாக அது பெயர் பெற்றுவிட்டது. இன்றும் பல பொதுக் குளியலிடங்களில் பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை.

நியூசிலாந்தின் மவோரி மக்களிடையே இதற்கு நேர்மாறு. அங்கே பெண்களின் மோவாயில் குத்தப்படும் கோலம் குலத்தையும் மூதாதையரையும் சொல்லும் பெருமைச் சின்னம். 2013-இல் ஜப்பானின் ஹொக்காய்டோ தீவுக்குப் பழங்குடி மொழிகள் பற்றிய மாநாட்டுக்கு வந்த மவோரிப் பெண் ஒருவரை, முகத்தில் இருந்த அந்தச் சின்னத்துக்காகவே ஒரு குளியலிடத்தில் உள்ளே விடவில்லை. அவர் நாட்டில் மதிப்பைத் தந்த கோடுகள் இங்கே வாசலிலேயே தடுத்தன. அதே ஹொக்காய்டோவின் ஐனு பழங்குடிப் பெண்களும் முன்பு உதட்டைச் சுற்றிப் பச்சை குத்திக்கொண்டவர்களே. 1871-இல் அரசு அந்த வழக்கத்தைத் தடை செய்தது.

நியூசிலாந்திலும் எல்லாம் எளிதாக இருந்துவிடவில்லை. அந்நாட்டு விமான நிறுவனமான ஏர் நியூசிலாந்து, சீருடைக்கு வெளியே தெரியும் பச்சையுடன் பணிப்பெண்ணாகவோ விமானியாகவோ சேர விரும்பியவர்களை நெடுங்காலம் ஏற்கவில்லை. 2019 செப்டம்பரில்தான் விதியைத் தளர்த்தியது. 2021 இறுதியில் ஒரினி கைபாரா என்பவர் மோவாய்ச் சின்னத்தோடு தொலைக்காட்சியின் முக்கியச் செய்தி நேரத்தில் செய்தி வாசித்தபோது, அது உலகெங்கும் செய்தியாயிற்று. ஒருவர் தம் முகத்தோடு வேலை செய்தது செய்தியாவதென்றால், அதற்கு முன் எத்தனை பேர் வாய்ப்பை இழந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி ஒரு புதிர். அமெரிக்காவில் மைக்கேல் ஃபிரெஞ்ச் என்ற பொருளியல் பேராசிரியரும் குழுவினரும் 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பச்சை குத்தியதைப் பற்றியும் வேலை, வருமானம் பற்றியும் கேட்டு 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சை குத்தியவர்களுக்கு வேலை கிடைப்பதிலோ வருமானத்திலோ குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை! டிமிங்கின் சோதனையோ வேறு சொல்கிறது. எது பொய்?

இரண்டும் பொய்யல்ல. கேள்விகள் வேறு. முகப் படத்தைப் பார்த்து முதல் கணத்தில் எழும் எண்ணத்தை அளந்தது முதல் ஆய்வு. வாழ்க்கையில் கடைசியாக நடந்ததை அளந்தது இரண்டாவது. இடையில் பல காரியங்கள் நடக்கலாம். ஓரிடத்தில் மறுக்கப்பட்டவர் வேறிடத்தில் சேர்ந்திருக்கலாம். பச்சையைப் பொருட்படுத்தாத தொழிலையே முதலில் தேர்ந்திருக்கலாம். முழுக்கைச் சட்டை அணிந்து நேர்காணலுக்குப் போயிருக்கலாம். இவை எவையும் ஊதியக் கணக்கில் தெரியா. மேலும், 2023-இல் எடுத்த பியூ ஆய்வு நிலையத்தின் கணக்கெடுப்பின்படி அமெரிக்க வயதுவந்தோரில் 32 விழுக்காட்டினர் பச்சை குத்தியிருக்கிறார்கள். மூன்றில் ஒருவரை ஒதுக்கிவிட்டு எந்தத் தொழிலை நடத்துவது? அந்நாட்டு முடிவை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்துவதும் தவறாகும்.

நம் நாட்டில் சில வேலைகளுக்கு ஊகமே தேவையில்லை. விதி எழுத்தில் இருக்கிறது. இந்தியத் தரைப்படையின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளின்படி, முழங்கையின் உட்பக்கம் முதல் மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சை இருக்கலாம். வேறெங்கே இருந்தாலும் தேர்வு அத்துடன் நின்றுவிடும். மரபுப்படி முகத்திலோ உடலிலோ குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு மட்டும் தனித்தனியே பரிசீலித்து விலக்கு உண்டு. மத்தியக் காவல் படைகளின் விதி இன்னும் கண்டிப்பானது. இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கைகளிலோதான் இருக்கலாம். வலது கை வணக்கம் செலுத்தும் கை அல்லவா! அளவும் அந்த உறுப்பின் பரப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும். ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறியவரை, திருவிழாக் கடையில் பதினைந்து நிமிடத்தில் குத்திய ஒரு பெயர் மருத்துவச் சோதனையில் வெளியே அனுப்பிவிடலாம். படையில் சேர எண்ணுவோர் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பார்ப்பது நல்லது.

"குத்தியதை அழித்துவிட்டால் போகிறது" என்பாரும் உண்டு. அழிக்கலாம், பாடு அதிகம். நூறு கோடியில் சில பங்கு வினாடியே நீடிக்கும் லேசர் துடிப்பைத் தோலின்மேல் பாய்ச்சுகிறார்கள். மைத்துகள் அந்த ஒளியை உறிஞ்சிச் சட்டென்று சூடாகி நொறுங்குகிறது. வெப்பம் பக்கத்துத் திசுவுக்குப் பரவ நேரமில்லை. நொறுங்கிய தூளில் ஒரு பகுதியை நிணநீர் எடுத்துச் செல்கிறது. மீதியைப் பழையபடி விழுங்கு செல்கள் பிடித்துக்கொள்கின்றன. எனவே வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை செய்யவேண்டும். கறுப்பு எல்லா நிறங்களையும் உறிஞ்சுவதால் எளிதில் மசியும். மஞ்சளும் பச்சை நிறமும் பிடிவாதக்காரர்கள். நம்மைப்போன்ற கருநிறத் தோலில் உள்ள மெலனினும் லேசரை உறிஞ்சக்கூடியது. ஆகையால் அலைநீளத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், பெயர் அழிந்த இடத்தில் அதே எழுத்துகள் வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும்.