ஸ்பிரிங்கை அறுத்தால் ரேஸ் காரா?

திருவண்ணாமலையில் தரையோடு தரையாக இறக்கிய ஸ்விஃப்ட் ஒன்று போனால் போதும், டீக்கடையில் நிற்பவர் அதற்கு ‘ரேஸ் வண்டி’ என்று பட்டம் கட்டிவிடுவார். எப்படி இறக்கினார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் பட்டறையில் ஸ்பிரிங்கைக் கழற்றி ஒன்றிரண்டு சுற்றை அறுத்துவிட்டுத் திரும்ப மாட்டியிருப்பார்கள். சஸ்பென்ஷன் கெட்டியானால் வண்டி ரோட்டைப் பிடிக்கும் என்பது நம்பிக்கை.

ரோட்டைப் பிடிப்பது டயர்தான். அதுவும் ஒவ்வொரு டயரும் உள்ளங்கை அகலத்துக்குத்தான் தரையைத் தொடுகிறது. அந்த இடம் தரையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் செய்யும் வேலை. பள்ளத்தில் சக்கரம் இறங்கவும் மேட்டில் ஏறவும் இடம் வேண்டும். அளவுக்கு மீறிக் கெட்டியாக்கினால் சக்கரம் துள்ளும். அந்தரத்தில் இருக்கும் டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது.

கணக்கு எளிது. வேலை செய்யும் சுற்று எட்டு உள்ள ஸ்பிரிங்கில் இரண்டை அறுத்தால் கெட்டித்தன்மை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கம்பியின் தடிமன் இன்னும் பொல்லாதது: 10 மில்லிமீட்டருக்குப் பதில் 11 போட்டால், மற்ற அளவெல்லாம் அப்படியே இருந்தாலும், 46 சதவீதம் கூடும். ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கென்று செய்தது. புதிய துள்ளலை அதனால் அடக்க முடியாது. சக்கரம் ஏறுவதற்கான இடமும் குறைந்துவிடுவதால் வளைவின் நடுவே பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். அந்த நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோலத்தான். பாரம் திடீரென்று ஏறி டயர் வழுக்கும். கேஸ் வெல்டிங் நெருப்பில் சூடுகாட்டி இறக்குவது இதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும்.

‘கெட்டியாக்கினால் வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயாது’ என்பார்கள். சாயும். எவ்வளவு சாயும் என்பதை வண்டியின் எடை, எடைமையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம், வளைவில் எடுக்கும் வேகம் ஆகியவைதான் தீர்மானிக்கின்றன. வண்டியை இறக்குவதில் கொஞ்சம் நியாயம் இருப்பது எடைமையம் தாழ்வதால்தான். அந்தப் பாரத்தை முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதை மட்டுமே ஸ்பிரிங்கும் ஆன்ட்டி ரோல் பாரும் மாற்றும்.

இந்த நம்பிக்கை டிவியில் பார்க்கும் ஃபார்முலா 1 காரிலிருந்து வந்திருக்கலாம். அது உண்மையிலேயே கெட்டியானது. ஆனால் வேகத்தில் காற்றே அதைத் தரையோடு அழுத்துகிறது, ஓடுபாதையும் வழவழப்பானது. ராலி கார் நேர் எதிர்: சக்கரம் நன்றாக ஏறி இறங்கும். செங்கம் ரோட்டுக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நம்மூரில் சஸ்பென்ஷனே இல்லாத வண்டி ஒன்று உண்டு, அண்ணாமலையார் மகாரதம். முட்டுக்கட்டை போட்டுத் திருப்பி, ஆள் நடக்கும் வேகத்தில் அது மாடவீதி சுற்றி வந்துவிடும்.

பந்தயத் திடலில் என்ன செய்கிறார்கள்? கார் உள்ளே வந்து நின்றதும் ஒருவர் ஊசிமுனை வெப்பமானியை டயரில் மூன்று இடங்களில் குத்துகிறார்: உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு. உள்விளிம்பு மிக அதிகமாகச் சூடேறியிருந்தால் சக்கரத்தின் சாய்வு கூடுதல். நடு மட்டும் சூடென்றால் காற்று அதிகம். நோட்டில் குறித்துக்கொண்டு ஒன்றை மட்டும் கொஞ்சம் மாற்றி, காரைத் திரும்ப ஓடவிடுகிறார்கள்.

‘ராத்திரியில் கிரிவலப் பாதை காலிதானே, அங்கே பழகலாம்’ என்பது இன்னொரு தவறான எண்ணம். 14 கிலோமீட்டர் பாதை அது. எந்நேரமும் யாராவது வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பார்கள். பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழக வேண்டுமானால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் இருக்கிறது.

வெளிநாட்டுக் காரும் கோடிக்கணக்கில் பணமும் இல்லாமல் ரேஸ் பக்கமே போக முடியாது என்பதும் பாதிதான் உண்மை. செலவு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் விட்ட பலர் பட்டறையில் மாற்றியமைத்த உள்நாட்டுக் கார்களோடுதான் வந்தார்கள். கோவையின் கரிவரதன் 1988-இல் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயனின் தொடக்கம் அந்தக் காரில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் ஓடுபாதைக்கு அவர் பெயர்.

அதே பாதையில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வருகிறார்கள். வேகத்துக்கு மட்டுமல்ல, வடிவமைப்புக்கும் அங்கே மதிப்பெண் உண்டு. எந்த அளவு ஸ்பிரிங், ஏன் அந்த அளவு என்பதற்குக் கணக்கு காட்ட வேண்டும். அந்தக் கணக்கைத் தொடங்க ரேஸ் காரே தேவையில்லை. சமதரையில் நான்கு எடை மெஷின்களை வைத்து, வீட்டு மாருதியின் நான்கு சக்கரங்களையும் அவற்றின் மேல் ஏற்றி, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ சுமக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளலாம். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்தபடி அளக்க வேண்டும்.