கடையின் பெயரில் ஈமெயில்



காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று நம் பகுதியில் இணையத்தளம் வைத்திருக்கும் கடைகள் இப்போது பல. பில் புத்தகத்தில் தளத்தின் முகவரியை அழகாக அச்சடித்திருப்பார்கள். அதற்குக் கீழே ஈமெயில் என்று பார்த்தால் முதலாளியின் மகனுடைய ஜீமெயில் முகவரி இருக்கும். மகன் திருமணம் முடித்து வேறு தொழிலுக்குப் போனால், கடையின் கடிதங்களும் அவரோடு போய்விடும்.

"கடையின் பெயரிலேயே ஈமெயில் வேண்டும். அதற்குக் கடையில் ஒரு சேர்வர் பூட்டலாமா?" என்று சில சகோதரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு விடயங்கள் கலந்திருக்கின்றன. பெயர் வேறு, சேர்வர் வேறு. பெயரைக் கட்டாயம் சொந்தமாக வைத்திருங்கள். சேர்வரை வாடகைக்கு எடுங்கள். என் கருத்து இதுதான். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். நம் நாட்டின் 'டொட் எல்கே' பெயர்களை 1990 முதல் எல்கே டொமைன் பதிவகம் நிர்வகித்து வருகிறது. பெயரைப் பதியும்போது உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ கடையின் பெயரோ இருக்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு துணி வியாபாரிக்குத் தளம் செய்து கொடுத்த தம்பி, தன் பெயரிலேயே பதிந்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல் அவருக்கே போனது. கட்டணம் கட்டும் நாள் தவறியது. தளமும் ஈமெயிலும் ஒன்றாக நின்றன. வீடு கட்டித் தந்தார் என்பதற்காகக் காணி உறுதியை மேசன் பெயரில் எழுதுவோமா?

அடுத்தது சேர்வர். கொழும்பிலிருந்து ஒருவர் உங்கள் கடைக்கு ஈமெயில் அனுப்பினால், அவருடைய சேர்வர் முதலில் "இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை எங்கே கொடுப்பது?" என்று விசாரிக்கும். அதற்குப் பதில் சொல்லும் பதிவுக்கு எம்எக்ஸ் என்று பெயர். அது காட்டும் இடத்தில் கடிதம் இறங்கும். கடையில் சேர்வர் பூட்டுவது தபாற்கந்தோரையே கடைக்குள் கொண்டுவருவதற்குச் சமம். போஸ்ட்பிக்ஸ், டோவ்கொட் போன்ற மென்பொருள்கள் இலவசம்தான். ஆனால் இரவு பகலாக அதைக் காவல் காக்கும் ஆளின் சம்பளம் இலவசமல்ல.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அப்படிப்பட்ட நாளிலும் வரும் கடிதம் உடனே தொலைந்துவிடாது. அனுப்பிய சேர்வர் வழக்கமாக நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். பெரிய சிக்கல் நீங்கள் அனுப்பும் கடிதத்தில்தான். முன்பின் தெரியாத இணைப்பிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய கம்பனிகள் நம்புவதில்லை. அனுப்பிய விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டியில் கிடக்கும். அவர் பார்க்கவே மாட்டார்.

2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இன்னும் இறுக்கின. உங்களுக்குத் தளம் செய்யும் தம்பியிடம் மூன்று பதிவுகளைக் கேளுங்கள். எஸ்பிஎப் என்பது உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சேர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல். டிகேஐஎம் என்பது கடிதத்தின் மேல் குத்தும் முத்திரை. டிமார்க் என்பது, இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்யவேண்டும் என்று பெறுபவருக்கு நீங்கள் கொடுக்கும் கட்டளை. வாடகைச் சேவையிலும் இந்த மூன்றையும் நீங்கள்தான் போட்டுக்கொள்ளவேண்டும்.

காவல் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் ஈமெயில் சேர்வரைக் கப்பம் கேட்கும் வைரஸ் பூட்டிவிட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அகப்பட்டது. சேர்வரோடு இணைந்திருந்த பிரதியும் பூட்டப்பட்டது; தனியாக எடுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், கல்லாவையும் சேர்வரையும் ஒரே ஆள் பார்க்கும் கடைக்கு என்ன நிலை?

ஆகவே, சகோதரர்களே, இப்படிச் செய்யுங்கள்.

ஒன்று: பெயரை உங்கள் பெயரில் பதியுங்கள். புதுப்பிக்கும் திகதியைக் கடைக் கலண்டரில் குறியுங்கள்.

இரண்டு: கூகுள், மைக்ரோசொப்ட், தமிழ்நாட்டின் ஸோஹோ போன்ற ஒரு கம்பனியில் ஈமெயில் பெட்டியை வாடகைக்கு எடுங்கள். ஓடருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று போதும். பெயர் உங்களுடையதாக இருந்தால், சேவை பிடிக்காதபோது எம்எக்ஸ் பதிவை மாற்றி வேறு இடத்துக்குப் போகலாம். முகவரி மாறாது.

மூன்று: கடவுச்சொல்லோடு தொலைபேசிச் சரிபார்ப்பையும் போடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

நான்கு: மாதம் ஒருமுறை கடிதங்களை ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள்.

ஐந்து: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இதற்கு அனுப்புங்கள்" என்று ஈமெயில் வந்தால், பணம் அனுப்பும் முன் பழைய இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுக்கவேண்டாம். இந்த வகை மோசடியில் மட்டும் 2023இல் 290 கோடி டொலர் நட்டம் என்று அமெரிக்காவின் எப்பிஐக்கு முறைப்பாடுகள் வந்தன. ஒரு எழுத்தை மட்டும் மாற்றி உங்கள் பெயரைப் போலவே இன்னொரு பெயரை யாரும் பதியலாம். அதை டிமார்க்கும் தடுக்காது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இன்று நம் எழுத்தில் பெரும்பகுதி ஈமெயிலில்தான் இருக்கிறது. விலை பேசியதும் தவணை சொன்னதும் அதில் உண்டு. நாளை ஒரு பிணக்கு வந்தால் அதுவே சாட்சி. அந்தச் சாட்சியைப் பத்திரப்படுத்துவது நமக்கும், நம்மை நம்பிச் சரக்குத் தருகிறவருக்கும் செய்யும் அமானிதம்.