மலைச்சரிவை வரைதல்

ஆசிரியரின்றி ஓவியம் பயில்வோர் பெரும்பாலும் முதலில் வரைவது தண்டவாளத்தைத்தான். இணையான இரு கோடுகள் தொலைவில் நெருங்கி, நம் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தோன்றும். அதனை மறைபுள்ளி என்பர்.

இந்த ஒரு விதியை மட்டும் நம்பிக் கேமரன் மலையை வரைந்தால், மலைச்சரிவு தட்டையான வயலாகிவிடும். 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தில் சமதரை அரிது. அங்கே மேட்டில் ஏறும் பாதையின் இரு ஓரங்களும் கண்மட்டத்திற்கு மேலே கூடுகின்றன. பள்ளத்தில் இறங்கும் பாதைக்கோ மறைபுள்ளி கீழே அமைகிறது. தேயிலை நிரைகள் இன்னும் பொல்லாதவை! சரிவை ஒட்டி வளைந்து செல்வதால் அவற்றுக்கு ஒரே மறைபுள்ளி கிடையாது.

இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி 1435இல் எழுதிய நூலில் இதற்கு உதவும் வழி உண்டு. சட்டத்தில் கட்டிய மெல்லிய திரையில் நூல்களால் கட்டங்கள் அமைத்து, அதனூடே காட்சியைப் பார்த்து வரையச் சொன்னார். அட்டையும் நூலும் இருந்தால் நாமும் அத்தகைய சட்டத்தைச் செய்யலாம். ஒரு நிரை எந்தக் கட்டத்தில் நுழைந்து எங்கே வெளியேறுகிறது எனக் கவனித்து, தாளிலும் அதே கட்டங்களில் வரைய வேண்டும். அருகிலுள்ள நிரைகள் அகன்றும் தொலைவிலுள்ளவை நெருங்கியும் தாமே அமையும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல் பார்ப்பது அவசியம். மூடுபனி இறங்குமுன் முடித்துவிடுவதும் நல்லது.