மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நோயின் அறிகுறி எதுவும் வெளிப்படாதவர்களிடமும் அந்நோய் மறைந்திருக்கிறதா என்று குறித்த கால இடைவெளியில் தேடிப் பார்ப்பதே முன்னறிதல் பரிசோதனை எனப்படும். இந்திய ஒன்றிய அரசின் சுகாதார அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். ஆனால் நெடுநாள் வேரூன்றிய சில நம்பிக்கைகள் பெண்களை இந்தச் சேவையிலிருந்து விலக்கி வைக்கின்றன.

நம்பிக்கை: வலி இல்லையென்றால் நோய் இல்லை.
உண்மை: தொடக்க நிலையிலுள்ள புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை, வலி வரும்வரை காத்திருப்பவர் எளிய சிகிச்சையால் குணமடையக்கூடிய காலத்தை இழந்துவிட நேரும்.

நம்பிக்கை: குடும்பத்தில் யாருக்கும் வராத நோய் தமக்கும் வராது.
உண்மை: பெற்றோர் வழியாக வரும் மரபணுப் பிறழ்வால் உண்டாகும் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே, எஞ்சிய பெரும்பகுதி அத்தகைய பிறழ்வு இல்லாதவர்களிடமே தோன்றுகிறது.

நம்பிக்கை: மேமோகிராம் கருவி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையால் பரிசோதிப்பது வெறும் சடங்கு.
உண்மை: மேமோகிராம் என்பது மார்பகத்தைக் குறைந்த அளவு எக்ஸ் கதிரால் படமெடுக்கும் முறை, பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை 50 முதல் 71 வயதுக்கு உட்பட்டோரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதற்கு அழைக்கிறது. ஆனால் இளம் வயதினரின் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அவர்களின் படத்தில் கட்டியைப் பிரித்தறிவது கடினம். கையால் பரிசோதிப்பதற்கும் பயன் உண்டு: மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, ஏறத்தாழ 1.5 லட்சம் பெண்களை உட்படுத்தி நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த குழுவில் நோய் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டது. 2021இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 50 வயதைக் கடந்தோரிடையே மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது; அதற்குக் குறைந்த வயதினரிடம் அத்தகைய குறைவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

நம்பிக்கை: கட்டியில் ஊசியோ கத்தியோ பட்டால் புற்று பரவிவிடும்.
உண்மை: கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் திசுப் பரிசோதனை நோயைப் பரப்புகிறது என்பதற்குச் சான்று இல்லை, அதைத் தவிர்ப்பதால் சிகிச்சை தாமதமாக, நோய் தன் போக்கில் பரவுகிறது.

முன்னறிதல் என்பது நோய் உறுதிப்பாடு அன்று: மேல்பரிசோதனைக்கு அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அவ்வாறு அனுப்பப்பட்டவர் அஞ்சிப் பின்வாங்காமல் மருத்துவமனைக்குச் செல்வதும், அங்கே உரிய சோதனையும் சிகிச்சையும் தடையின்றிக் கிடைக்க அரசு வழிசெய்வதும் ஒருங்கே நிகழ்ந்தால்தான் இச்சேவை உயிர்காக்கும்.