பரணில் ஒரு முழுப்பகல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் விஸ்கான்சின் என்றொரு மாநிலம் உண்டு. ஏரிகளும் பால்பண்ணைகளும் ஓக், மேப்பிள் மரக்காடுகளும் நிறைந்த நிலம். அங்கு ஆண்டுதோறும் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் உரிமம் பெற்று மான்வேட்டைக்குச் செல்கின்றனர். அவர்களுள் பலரின் வழக்கம் இது: இருள் பிரியுமுன் மரத்தில் கட்டிய பரணில் ஏறுவர்; காலை ஒன்பது மணியளவில் இறங்கி, வீட்டிற்குச் சென்று உண்டு உறங்குவர்; பிற்பகல் இரண்டு மணிக்குமேல் மீண்டும் ஏறுவர். மான் வைகறையிலும் அந்தியிலும் நடமாடி, நண்பகலில் படுத்து அசைபோடும் விலங்கு. ஆகவே இவ்வழக்கம் அறிவுக்குப் பொருந்தியதே.

ஆனால் நவம்பர் மாதத்தில் இரண்டு மூன்று வாரங்கள் மட்டும், தேர்ந்த வேட்டைக்காரர்கள் இடையில் இறங்குவதே இல்லை. விடியுமுன் ஏறியவர் இருட்டிய பின்னரே தரையில் கால் வைக்கிறார். பதினைந்து, இருபதடி உயரத்தில், ஒரு முக்காலி அளவே உள்ள இடத்தில், உறைபனிக் குளிரில் பத்து மணி நேரம் ஏன் அமர்ந்திருக்க வேண்டும்? இதற்கான காரணம் மானின் உடலில் இருக்கிறது. அதனை விலங்கியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான்வேட்டை குற்றம் என்பதை நண்பர்கள் அறிவர். அங்கோ அது அரசே எண்ணிக்கை வகுத்து நடத்தும் செயல். அதன் நன்மை தீமையைப் பின்னர் சிறிது காண்போம். முதலில் விலங்கைக் காண்போம்.

வெண்வால் மான் என்பது இதன் பெயர். அறிவியற்பெயர் ஓடோகாயிலியஸ் வர்ஜினியானஸ். அஞ்சி ஓடும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்புற வெண்மை கொடிபோல் தெரியும். கனடாவின் தென்பகுதி முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரை பரவியுள்ளது. வடக்கே செல்லச் செல்ல உடல் பெரிதாகும். விஸ்கான்சினில் நன்கு வளர்ந்த ஆண் 200 பவுண்டு எடையையும் தாண்டும். தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் ஆண்பாற் பெயர்களுள் கலை என்பதனையும், பெண்பாற் பெயர்களுள் பிணை என்பதனையும் கூறுகிறது. இக்கட்டுரையில் அவ்விரு சொற்களையே ஆளுகிறேன்.

இனி, நவம்பர் மாதத்திற்கு வருவோம். கோடை முடிந்து பகல் குறையத் தொடங்கியதும், கண்வழி வரும் ஒளியின் அளவு குறைவதை மூளையிலுள்ள பினியல் சுரப்பி உணர்கிறது. இரவு நீள நீள மெலடோனின் மிகுதியாகச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாகக் கலையின் உடலில் டெஸ்டோஸ்டீரோன் ஏறுகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் கொம்பைப் போர்த்திருந்த மென்மயிர்த் தோல் உரிந்து, கொம்பு கெட்டிப்படுகிறது. கழுத்து பருக்கிறது. இளமரங்களின் பட்டையில் கொம்பைத் தேய்க்கிறது. தரையில் சருகை விலக்கிக் குழிபோல் கீறி, பின்னங்கால்களின் உட்புறச் சுரப்பிகள் மேல் சிறுநீர் வழியுமாறு விட்டு, தன் வாடையை அங்கே பதிக்கிறது. மேலே தொங்கும் கிளையையும் நாவாலும் நெற்றியாலும் தடவிச் செல்கிறது.

இவ்வளவு ஆயத்தமும் பிணையின் ஒரு குறுகிய காலத்திற்காகவே. பிணைமான் சினைப்பருவத்தில் இருப்பது ஏறத்தாழ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். நம் வீட்டுப் பசு ஏறத்தாழ இருபத்தொரு நாளுக்கொரு முறை பருவத்திற்கு வருவதைக் கண்டிருப்போம்; பிணையோ அந்த ஒரு முறை சினைப்படாவிடில் ஏறத்தாழ நான்கு வாரம் கழித்துத்தான் மீண்டும் வரும். வடமாநிலங்களில் பெரும்பாலான பிணைகள் நவம்பர் நடுப்பகுதியை ஒட்டியே பருவத்திற்கு வருகின்றன. கருக்காலம் சுமார் 200 நாள். நவம்பர் நடுவில் சினைப்பட்டால் மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ குட்டி பிறக்கும். அப்போதுதான் புல் தழைத்திருக்கும்; தாய்க்குப் பால் ஊறும்; அடுத்த பனிக்காலத்திற்குள் குட்டி வளர்ந்து தேறும். முந்திப் பிறந்தால் குளிரில் சாகும். பிந்திப் பிறந்தால் அடுத்த குளிரைத் தாங்காது. நவம்பர் மாதத்தைக் குறித்துக் கொடுத்தது ஜூன் மாதத்துப் புல் என்றே கூறலாம்.

குளிர் இல்லாத இடத்தில் இந்தக் கண்டிப்பும் இல்லை. ஃபுளோரிடா மாநிலத்தில் இதே வெண்வால் மானின் இணைசேர் பருவம் இடத்திற்கு இடம் மாறி, ஜூலை முதல் அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை பரவிக் கிடக்கிறது. சென்னை கிண்டிப் பூங்காவில் நம் புள்ளிமான்களைப் பார்த்தவர்கள், ஒரே நாளில் முற்றிய கொம்புடைய கலையையும், தோல் போர்த்த இளங்கொம்புடைய கலையையும், கொம்பு உதிர்த்த கலையையும் ஒன்றாகக் கண்டிருப்பார்கள். வெப்பமண்டலத்தில் ஒவ்வொரு கலைக்கும் தனித்தனிக் கணக்கு.

முழுநிலவுதான் இணைசேர் பருவத்தைத் தொடங்கி வைக்கிறது என்ற நம்பிக்கை அமெரிக்க வேட்டைக்காரரிடையே மிகுதி. ஆய்வாளர் இதனை ஏற்பதில்லை. சாலையில் வண்டி மோதி இறந்த பிணைகளின் வயிற்றிலுள்ள கருவை அளந்தால் சினைப்பட்ட நாளைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். இவ்வாறு கணக்கிட்டுப் பார்க்கையில், ஓரிடத்தின் உச்சக்காலம் நிலவைப் பின்பற்றாமல் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே தேதிகளில் அமைவது தெரிகிறது.

இப்பருவத்தில் கலையின் அன்றாட ஒழுங்கு குலைகிறது. மற்ற மாதங்களில் அது மேயுமிடத்திற்கும் படுக்குமிடத்திற்கும் இடையே இருட்டிலும் அரையிருட்டிலும் நடக்கும். இப்போதோ பிணை எப்பொழுது பருவத்திற்கு வரும் என்பது கடிகாரம் பார்த்து நிகழ்வதன்று, நண்பகலிலும் நிகழலாம். மற்றொரு கலை முந்திக்கொள்ளுமுன் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே பிணைகள் படுத்திருக்கும் புதர்களின் காற்றடிக்கும் திசைக்கு மறுபுறமாக நடந்து, மூக்கால் தேடிக்கொண்டே செல்கிறது. ஒரு புதருக்குள் நுழைந்து பார்ப்பதைவிட, காற்று வந்து சேரும் பக்கத்தில் குறுக்கே நடந்தால் அங்குள்ள அத்தனை பிணைகளின் நிலையையும் ஒரே மூச்சில் அறியலாம் அல்லவா? தீனியை மறக்கிறது. பருவம் முடிவதற்குள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும் கலைகள் உண்டு.

பென்சில்வேனியா மாநிலத்தில் கலைகளின் கழுத்தில் ஜி.பி.எஸ். கருவிப் பட்டைகளை மாட்டி ஆராய்ந்தபோது, ஆண்டில் அவை மிகுதியாக நடப்பது நவம்பர் முற்பாதியை ஒட்டியே என்று தெரிந்தது. இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இணைசேர் பருவத்திலும் வைகறையும் அந்தியுமே நடமாட்டம் மிகுந்த நேரங்கள். நண்பகல் அவற்றை வென்றுவிடுவதில்லை. மற்ற மாதங்களில் வெறுமையாய்க் கிடந்த நண்பகல் இப்போது வெறுமையாய் இல்லை என்பதுதான் மாற்றம்.

இதனைக் கணக்காகப் பார்க்கலாம். விளக்கத்திற்காக மட்டும் இப்படிக் கொள்வோம்: ஒரு பரணின் கீழே ஒரு மணி நேரத்தில் முதிர்ந்த கலை ஒன்று வருவதற்கு இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்று மணி நேரம் இருந்து இறங்கினால் காணும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினான்கு. பத்து மணி நேரம் இருந்தால் நூற்றுக்கு நாற்பது. அப்படியும் நூற்றுக்கு அறுபது நாள் வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான்! வேட்டைக்காரரை வீட்டிற்கு இழுப்பது இந்த அறுபது. மேலே இருத்திவைப்பது அந்த நாற்பது.

மேலும் ஓர் இடர். பருவம் உச்சத்தை அடையும்போது காடு திடீரென்று அமைதியாகிவிடும். காரணம் எளிது. பிணையைக் கண்டடைந்த கலை அதன் பக்கத்தைவிட்டு ஓரிரு நாள் அகலாது. இரண்டும் ஏதேனும் ஒரு புதரோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அதன்பின் கலை அடுத்த பிணையைத் தேடிப் புறப்படும் நேரம் காலை பதினொன்றாகவும் இருக்கலாம், பிற்பகல் ஒன்றாகவும் இருக்கலாம். பசி தாங்காமல் மற்ற வேட்டைக்காரர்கள் காட்டைவிட்டு நடக்கும் நேரமும் அதுவே. அவர்களுடைய காலடி ஓசை படுத்திருந்த மான்களை எழுப்பி, இறங்காமல் இருப்பவனிடம் அனுப்பிவைக்கிறது என்பது அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்லும் உண்மை.

பரணை எங்கே கட்டுவது? கலை கீறிய குழியின் அருகே கட்டிவிட்டு நாள்முழுதும் காத்திருப்போர் பலர். இது சரியன்று என்பது என் கருத்து. அக்குழிகளுக்குக் கலைகள் வருவது பெரும்பாலும் இரவில். பகலில் காத்திருப்பவனுக்கு இரண்டு படுக்கைப் புதர்களை இணைக்கும் குறுகிய மரவரிசையோ, மேட்டின் சரிவோ மேலானது. காற்றையும் கருத வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் நிலம் சூடாகிக் காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து சரிவில் இறங்கும். விடியலில் பொருத்தமாயிருந்த மரம் அந்தியில் மனித வாடையை மானின் மூக்கிலேயே கொண்டு சேர்க்கக்கூடும். நாள்முழுதும் ஓரிடத்தில் இருப்பவன் இரண்டு காற்றுக்கும் பொருந்தும் மரத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

மானின் கண்ணைப் பற்றியும் ஒரு சொல். அதற்குச் செந்நிறத்தைப் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. நீலம் நன்கு தெரியும். துப்பாக்கி வேட்டைக் காலத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாதிருக்க அணியும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆடை, விஸ்கான்சினில் 1980ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. மனிதன் கண்ணைக் கூசவைக்கும் அந்நிறம் மானுக்கு மங்கலாகவே தோன்றுகிறது. ஆனால் அசைவு மட்டும் தப்பாது. தலையின் இருபக்கத்திலும் அமைந்த கண்கள் ஏறத்தாழ சுற்றுப்புறம் முழுவதையும் காண்பன. பத்து மணி நேரக் காத்திருப்பில் கடினமான பகுதி இருத்தல் அன்று, அசையாதிருத்தலே.

உடல் இதற்கு எளிதில் உடன்படுவதில்லை. பரணுக்கு நடந்து செல்லும்போதே முழுக் குளிராடையும் அணிந்தால் வியர்க்கும். நனைந்த பருத்தியாடை ஒரு மணி நேரத்தில் பனிக்கட்டியாய் உறுத்தும். எனவே அறிந்தவர்கள் மெல்லிய உடையில் மெதுவாக நடந்து, மேலே சென்ற பின்னரே மூட்டையிலுள்ள கம்பளியை உடுத்துவர். இரும்புத்தூள் காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது தரும் வெப்பத்தைப் பயன்படுத்தும் சிறு பைகளைக் கையுறைக்குள் வைத்துக்கொள்வர். பிளாஸ்கில் சூடான குடிநீர், கொழுப்பு மிகுந்த தின்பண்டம், சிறுநீருக்கு ஒரு புட்டி. கடைசிப் பொருளைச் சொல்லக் கூச்சமாயிருப்பினும், அது இல்லாததால் பத்து மணிக்கே இறங்கியோர் பலர்!

பெரிய ஆபத்து குளிரும் அன்று, துப்பாக்கி மட்டும் அன்று, வீழ்ச்சி. மரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தோரும் உயிரிழந்தோரும் உண்டு. நீண்ட நேரம் இருப்பவனுக்குக் கால் மரத்துப்போகும். நண்பகலில் கண் சொருகும். அதனால் தோள், இடுப்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் கச்சையை அணிந்து, தரையிலிருந்தே மரத்தோடு கட்டிய கயிற்றில் அதனைக் கோத்துக்கொண்டு ஏறவேண்டும் என்று கற்பிக்கிறார்கள். கச்சை அணிந்து விழுந்தால் மட்டும் பிழைத்ததாகக் கொள்ளலாகாது. தொடைப்பட்டைகள் இறுக்க, அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களிலேயே தங்கி, சிறிது நேரத்தில் மயக்கமும் மரணமும் நேரிடலாம். காலை ஊன்றி எழ ஒரு கயிற்று வளையம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். இன்ன மரத்தில் இருக்கிறேன், இத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிச் செல்லவேண்டும்.

இவ்வளவும் ஒரு மானைக் கொல்லத்தானா என்று நண்பர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1900ஆம் ஆண்டளவில் கட்டற்ற வேட்டையாலும் இறைச்சி வணிகத்தாலும் வெண்வால் மான்கள் ஏறத்தாழ ஐந்து லட்சமாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிட்டன என்பது மதிப்பீடு. அவ்வாண்டின் லேசி சட்டம், சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதைத் தடுத்தது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்கு மேம்பாட்டிற்கென ஒதுக்கியது. இன்று மான்களின் எண்ணிக்கை சுமார் மூன்று கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் பல இடங்களில் அழிந்துவிட்ட நிலையில், மான் மிகுந்தால் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கும்; பின் தானும் பட்டினியால் மடியும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஆல்டோ லியோபோல்ட் இதனை எடுத்துச் சொன்னபோது பொதுமக்கள் எளிதில் ஏற்கவில்லை. மானைக் கொல்லும் உரிமையைக் காட்டைக் காக்கும் கடமையோடு பிணைத்தது அந்நாட்டின் வழி. நம் காடுகளில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இன்னும் அவ்வேலையைச் செய்து வருவதால் நமக்கு அவ்வழி தேவைப்படவில்லை என்பது என் எண்ணம். மறுப்போர் இருக்கலாம்.

ஒன்று மட்டும் பரணில் இருப்பவன் கையிலேயே உள்ளது. ஒன்பது மணி நேரம் குளிரில் இருந்தவனுக்கு, தொலைவில் மரங்களிடையே ஒரு கொம்பு தெரிந்தவுடன் கை துடிக்கும். கலை வெகுதூரத்தில் இருக்கலாம், கிளைகள் மறைக்கலாம், அரையிருளில் குறி தெளிவில்லாமல் இருக்கலாம். அப்போது எய்யும் அம்பு மானைக் கொல்லாது. காயப்படுத்தி, இரவெல்லாம் அலைந்து சாகவிடும். நாள்முழுதும் இருந்தேனே என்ற எண்ணமே அந்நேரத்தில் பகையாகிறது. நல்ல வேட்டைக்காரன் எனப்படுவோன் தன் கைக்கு எத்தனை கஜம் எட்டும் என்பதை முன்னரே வகுத்துக்கொண்டு, அதற்கப்பால் நிற்கும் கலையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பான்.

நவம்பர் நடுவில் அங்குச் சூரியன் மாலை நாலரை மணியளவில் மறைந்துவிடும். பல மாநிலங்களில் அதன்பின் அரைமணி நேரமே சட்டம் அனுமதிக்கும். அந்த நேரமும் கழிந்தபின் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை அகற்றி, அதனைக் கயிற்றில் கட்டித் தரைக்கு இறக்குகிறான். மரத்துப்போன கால்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கி, இரத்தம் ஓடுகிறதா என்று பார்த்த பின்னரே ஏணியின் முதற்படியில் காலை வைக்கிறான். கச்சை இன்னும் கயிற்றில்தான் இருக்கிறது.