கொன்றை எது? – ஒரு தாவரவியல் விளக்கம்

சிவபெருமான் விரும்பிச் சூடும் மலர்களுள் சிறப்பிடம் பெறுவது கொன்றை. ஒளவையார் அருளிய கொன்றை வேந்தன் என்னும் நீதிநூற் பெயரும் இம்மலரை நினைவூட்டுவதே. ஆயினும் மஞ்சட் பூப் பூக்கும் மரங்கள் பலவற்றையும் இன்று கொன்றை என்றே அழைக்கின்றனர். பூசைக்குப் பூப்பறிப்போரும் நந்தவனத்தில் மரம் நடுவோரும் இவற்றைப் பிரித்தறிதல் அவசியமாகும்.

பெயரும் பிரிவும்

கொன்றை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனைக் ‘கசியா’ என்னும் சாதியில் அடக்கினார். காலப்போக்கில் அச்சாதியில் பல நூறு இனங்கள் சேர்ந்தன. 1982 இல் இர்வின், பார்ணெபி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் அதனைக் கசியா, சென்னா, கமீகிறிஸ்ரா என மூன்று சாதிகளாகப் பிரித்தனர். கசியாவில் இன்று ஏறக்குறைய 30 இனங்களே உள்ளன. நமது சரக்கொன்றை அவற்றுள் ஒன்று. ஆவரசு, தகரை, பொன்னாவாரை என்பன சென்னாவைச் சேர்ந்தவை.

பிரிப்புக்கு முக்கிய ஆதாரம் பூவின் கேசரங்களே. கொன்றைப் பூவில் 10 கேசரங்கள் உண்டு. அவற்றுள் கீழ் மூன்றும் நீண்டு, பாம்புபோல் வளைந்திருக்கும். சென்னாவில் இவ்வளைவு இல்லை. பூவைக் கையிலெடுத்துப் பார்க்கும் எவரும் இதனைக் காணலாம்.

சரக்கொன்றையின் அடையாளங்கள்

பூங்கொத்துகள் சரமாகத் தொங்கும். அல்லிகள் ஐந்து. காய் உருளையானது, ஓர் அடி முதல் இரண்டடி வரை நீளும், முற்றினால் கருமையாகும், தானாக வெடிக்காது. உள்ளே விதைகள் அறை அறையாக, கரிய பிசுபிசுப்பான சதையுடன் இருக்கும். இச்சதை மலமிளக்கி மருந்து. வைத்தியர் ஆலோசனையின்றி உண்ணலாகாது. சிங்களத்தில் இம்மரம் ‘ஏகல’ எனப்படும்.

மயங்கக் கூடியவை

வீதியோரங்களில் நிற்கும் மஞ்சட் கொன்றை சென்னா சாதியது. அதன் பூங்கொத்து நிமிர்ந்திருக்கும், காய் தட்டையானது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த மற்றொரு சென்னா, கேரளத்தின் வயநாட்டுக் காடுகளில் பரவி உள்ளூர் மரஞ்செடிகளை நெருக்கிவிட்டது. அழகைக் கண்டு இதனை நடுதல் தீங்காகும்.

பொன்னலரி வேறொரு குடும்பத்தது. பூ புனல்போல் இருக்கும். கிள்ளினாற் பால் வடியும். பூசைக்கு அதனை எடுப்பதுண்டு. ஆனால் அதன் விதை இருதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. நம் நாட்டிற் பல உயிர்களைப் பறித்தது. பூப்பறிக்கும் பிள்ளைகளின் கையில் அக்காய் அகப்படாமற் பார்ப்பது பெரியோர் கடமை. யாரேனும் விழுங்கிவிட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நடும் முறை

கொன்றை விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய நீரில் இட்டு, ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் விரைவில் முளைக்கும். தண்ணீர் தேங்காத, வெயில் படும் இடம் ஏற்றது. பூக்கச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை ஆடுமாடு கடியாது வேலியிட்டுக் காக்க வேண்டும்.

காயைப் பார்த்து, கேசரத்தைப் பார்த்து, மெய்யான கொன்றையையே ஆலய வீதியில் நடுவோம். வரும் தலைமுறையினர் அதன் பூவைப் பறித்து எம்பெருமான் திருவடியிற் சாத்துவார்களாக.