பெரியகுளமும் இராஜராஜப் பெரும்பள்ளியும்

(தமிழ்ப் பாடசாலை மேல்வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்)

திருகோணமலைப் பட்டினத்துக்கு வடமேற்கே சில மைல் தூரத்தில் பெரியகுளம் என்னும் சிற்றூர் உண்டு. குளத்தின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. அதன் அயலில் காட்டினுள் கற்றூண்களும் செங்கல் மேடுகளும் நின்ற நிலையிலுள்ள புத்தர் சிலையொன்றும் உள்ளன. சிங்களத்தில் இவ்விடம் வெல்கம் விகாரை. அயலிலுள்ள தமிழ் மக்களோ இதை 'நாதனார் கோவில்' என்பர்.

“அது எங்களுடையதா, அவர்களுடையதா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர் பலர் ஒரே சொல்லில் பதில் கூறிவிடுகிறோம். கல்வெட்டுகள் அவ்வளவு சுருக்கமாகப் பேசவில்லை.

1950களில் தொல்லியல் திணைக்களம் இங்கு காடு வெட்டி அகழ்ந்தபோது பத்துக்கும் மேற்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. சோழர் இலங்கையின் வடபாகத்தை ஆண்ட காலம் ஏறத்தாழ 993 முதல் 1070 வரை. அக்காலக் கல்வெட்டுகளில் இவ்விகாரை 'இராஜராஜப் பெரும்பள்ளி' எனப்படுகிறது. சைவனான இராஜராஜனின் பெயர் ஒரு பௌத்த பள்ளிக்கு! இதில் வியக்க ஒன்றுமில்லை. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடுத்தவன் அவன். அதற்கான செப்பேடு இன்றும் உள்ளது.

'பள்ளி' என்ற சொல்லைக் கவனியுங்கள். பௌத்தரும் சமணரும் தங்கிய இடம் பள்ளி. அங்கே கற்பித்தலும் நடந்தது. நாம் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிக்கூடத்தின் பெயரிலும் அச்சொல் இருக்கிறது.

கல்வெட்டுகளில் உள்ளவை பெரும்பாலும் தானக் கணக்குகள்: விளக்கு, விளக்கெரிக்கக் கால்நடை. கணக்காளனான எனக்கு இந்தப் பகுதியே மிகவும் பிடித்தது. தமிழகத்துச் சோழர் சாசனங்களில் ஒரு நந்தாவிளக்குக்குப் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவ்வாடுகளை 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடு சாகாதா? சாகும். ஆனால் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். ஆகவே கணக்கில் சாவதில்லை. முதலைத் தொடாமல் வருவாயில் மட்டும் செலவு செய்யும் அறக்கட்டளை முறை இதுவே. நமது ஆலயக் கட்டிட நிதிக்கு இவ்விதியை வைத்தாலென்ன என்று சிலவேளை எண்ணுவதுண்டு.

ஆக, இங்கே விளக்கேற்றத் தானம் கொடுத்தோரில் தமிழர் இருந்தனர்; தமிழ்ப் பௌத்தரும் இருந்தனர் என்பதை ஆய்வாளர் ஏற்கின்றனர். சோழருக்கு முன்னரே விகாரை அங்கிருந்தது என்பதும் உண்மை. சிங்களவரின் உரிமையை மறுக்கவும் இக்கல்வெட்டுகள் உதவா. தமிழர் அங்கு அந்நியர் என்று சொல்லவும் உதவா. இரு பக்கத்தாருக்கும் இது வசதியற்ற செய்தி என்பதால்தானோ என்னவோ, நமது வகுப்புகளில் இவ்விடம் அதிகம் பேசப்படுவதில்லை.

பயிற்சி: 'பள்ளி' என முடியும் ஊர்ப்பெயர்கள் ஐந்து எழுதுக. (சிற்றூருக்கும் பள்ளி என்ற பெயர் உண்டு என்பதை நினைவிற் கொள்க.) வீட்டிலுள்ள பெரியோரிடம் அவர்களது ஊர்க் குளத்தின் பெயரையும் கேட்டு எழுதி வருக.